முதலாம் இடமும் டியூஷன் வாத்தியாரும்: ஒரு பழைய கதை

ஏ.எல். பெறுபேறு வந்த அன்று முகநூலைத் திறந்தால் பிள்ளைகளின் படத்தோடு இரண்டு விடயங்கள் இருக்கும். ஒன்று மாவட்ட நிலை. மற்றது எந்த சேரின் டியூஷன் என்பது. பாடசாலையின் பெயர் எங்கோ கீழே சின்ன எழுத்தில் கிடக்கும். இது நம் காலத்து நோய் என்றுதான் ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோம். ஆனால் இதே காட்சி 170 வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் இருந்தது. நமக்குப் பரீட்சை வைக்கக் கற்றுத்தந்தவர்களின் வீட்டுக் கதை இது.

அங்கே அப்போது பௌதிகவியலின் பெரும்பகுதி கணிதத்துக்குள்தான் படிப்பிக்கப்பட்டது. இயக்கவியல், ஒளியியல், வானியல் எல்லாம் டிரைபோஸ் என்ற கணித இறுதிப் பரீட்சையில் அடக்கம். 1854இல் அது எட்டு நாட்கள், 16 வினாத்தாள்கள், 211 வினாக்கள், மொத்தம் நாற்பத்து நான்கரை மணித்தியாலம். சித்தியா இல்லையா என்பதல்ல செய்தி. முதலாம் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை எல்லாருக்கும் ஓர் இலக்கம். முதல் வகுப்பினருக்கு ‘ரெங்லர்’ என்று பெயர், அவர்களில் முதலாமவர் ‘சீனியர் ரெங்லர்’. கடைசி ஆளுக்கு சக மாணவர்கள் ஒரு பெரிய மரக்கரண்டியைக் கொடுத்துச் சிரிப்பார்கள்.

புள்ளிகளைப் பாருங்கள். 1869இல் பிரான்சிஸ் கோல்ட்டன் எழுதிய நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. மொத்தப் புள்ளி 17,000. சீனியர் ரெங்லர் எடுத்தது 7,500 சொச்சம். பட்டியலின் கடைசி ஆள் 300க்கும் குறைவு. முதலாம் பிள்ளைக்கே பாதி கிடைக்கவில்லை! எவரும் முடிக்க முடியாத தாள் என்றால், இலக்கத்தைத் தீர்மானிப்பதில் எழுதும் வேகத்துக்குப் பெரிய பங்கு வந்துவிடும்.

அந்த வேகத்தைப் பேராசிரியரின் விரிவுரை தராது. ஆகவே மாணவர்கள் காசு கொடுத்து வெளியே படித்தார்கள். வில்லியம் ஹொப்கின்ஸ் மாணவராக இருக்கும்போதே மணமுடித்தவர். மணமானவருக்குக் கல்லூரியில் ஃபெலோ பதவி இல்லை, அதனால் டியூஷன் தொடங்கினார். அவரிடமிருந்து 17 சீனியர் ரெங்லர்கள் வந்தார்கள். ஸ்டோக்ஸ், பிற்காலத்தில் கெல்வின் பிரபுவான வில்லியம் தொம்சன், மெக்ஸ்வெல் எல்லாரும் அவரிடம் படித்தவர்களே. அவருக்குப் பின் வந்த எட்வர்ட் ரவுத்தின் கணக்கு 27க்குக் குறையாது. இருபது வருடங்களுக்கு மேல் தொடர்ச்சியாக முதலிடம் அவர் வகுப்புக்குத்தான். அந்தக் காலத்தில் பனர் அடிக்கும் கடை இருந்திருந்தால் ரவுத் சேரின் முகம் சந்திக்குச் சந்தி தொங்கியிருக்கும்.

1854ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலாமவர் இதே ரவுத். இரண்டாமவர் மெக்ஸ்வெல். மின்னையும் காந்தத்தையும் ஒளியையும் ஒரே கோட்பாட்டில் சேர்த்த மனிதர் இரண்டாமவர் ஆனதில் பெரிய அநியாயம் ஒன்றும் இல்லை, ரவுத்தும் திறமைசாலிதான். நம்மை உறுத்துவது வேறு. மெக்ஸ்வெல் எழுதிய அந்தப் பரீட்சையில் மின்னும் காந்தமும் பாடமாகவே இல்லை. சில வருடங்களுக்கு முன்னர்தான் அவற்றைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியிருந்தார்கள். பரீட்சை முடிந்த அடுத்த மாதம், பெப்ரவரியில், அவர் தொம்சனுக்குக் கடிதம் எழுதி மின்னைப் பற்றி வாசிக்க எங்கே தொடங்குவது என்று கேட்கிறார். 211 வினாக்களை எழுதி இரண்டாம் இடம் எடுத்த பிறகு!

பின்னர் அவரே பரீட்சகராக வந்து புதிய பௌதிகவியலிலிருந்து வினாக்கள் போட்டார். 1873இல் மின்னும் வெப்பமும் பாடத்திட்டத்துக்குத் திரும்பின. 1874இல் கவெண்டிஷ் ஆய்வுகூடம் திறந்தது, அதன் முதல் பேராசிரியரும் மெக்ஸ்வெல்தான். இனி எல்லாம் மாறியிருக்கும் என்று நினைப்போம். மாறவில்லை. கணித டிரைபோஸில் பரிசோதனைக்குப் புள்ளி இல்லை, ஆகவே புள்ளி தேடுகிறவர்கள் ஆய்வுகூடத்துக்கு வரவில்லை. மெக்ஸ்வெல்லின் விரிவுரையில் சிலவேளை இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். அப்படி இருந்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் வானொலி வால்வைக் கண்டுபிடித்த அம்புரோஸ் ஃபிளெமிங். டொட்ஹன்டர் என்ற பெயர்பெற்ற கணித ஆசிரியரை மெக்ஸ்வெல் ஓர் ஒளியியல் பரிசோதனை பார்க்க அழைத்தாராம். வாழ்நாள் முழுக்கப் படிப்பித்த விடயம், இப்போது பார்த்துக் குழம்ப விருப்பமில்லை என்று அவர் மறுத்தாராம். கதையாகத்தான் சொல்கிறார்கள். என்றாலும் சிரிக்க நமக்கு வாய் வரவில்லை. நமது உயர்தரப் பௌதிகவியலிலும் பரிசோதனையைத் தாளில் எழுதித்தானே புள்ளி எடுக்கிறோம். பாடத்திட்டம் முடியவில்லை என்று ஆய்வுகூடத்தைப் பூட்டிவைத்து, கடந்தகால வினாத்தாள் செய்வித்த வருடங்கள் நமக்கும் உண்டு. ஊசலைக் கட்டி ஆட்டாமலே அதன் வரைபைச் சரியாகக் கீறிவிட்டுப் போன பிள்ளைகள் இன்று பொறியியலாளர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. 1890இல் பிலிப்பா ஃபோசெட் என்ற பெண் எல்லா ஆண்களையும் விட அதிகப் புள்ளி எடுத்தார். பெண் என்பதால் அவருக்கு இலக்கம் கொடுக்காமல் ‘சீனியர் ரெங்லருக்கு மேல்’ என்று வாசித்தார்கள். பட்டமும் கொடுக்கவில்லை, கேம்பிரிஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல். ஆனால் அந்த இலக்க வரிசை இல்லாவிட்டால் அவர் ஆண்களை விஞ்சினார் என்பது யாருக்குத் தெரிந்திருக்கும்? உம்மாமார் வாப்பாமாரிடம் தரவரிசை வேண்டாம் என்று பேசும்போது இந்த இடத்தில் நமக்குச் சற்றுத் தடுமாற்றம்தான்.

1895இல் பல்கலைக்கழகம் வேறு பல்கலைக்கழகப் பட்டதாரிகளையும் ஆராய்ச்சி மாணவர்களாக எடுக்கத் தொடங்கியது. அந்த வருடமே நியூசிலாந்திலிருந்து ரதர்போர்ட் கவெண்டிஷுக்கு வந்தார். அவருக்கு டிரைபோஸில் எந்த இலக்கமும் இல்லை. 1898இல் நான்காம் இடம் எடுத்த கணிதவியலாளர் ஹார்டி அந்தப் பரீட்சை முறையையே வெறுத்து, இலக்க வரிசையை ஒழிக்க முன்னின்றவர்களில் ஒருவரானார். கடைசி இலக்கப் பட்டியல் 1909இல் வாசிக்கப்பட்டது. மரக்கரண்டியும் அந்த வருடத்தோடு நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்புச் சித்திக்குள்ளும் பெயர்கள் அகரவரிசையில்தான்.