தறி வீடும் சூரியக் கணக்கும்: வீடு புகும் குற்றத்தின் தண்டனை பற்றி

காஞ்சிபுரத்தில் டிசம்பர் தொடக்கத்தில் மாலை 6 மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஜூனில் அதே 6 மணிக்கு இன்னும் வெயில் இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் ஆளில்லாத நெசவாளர் வீடொன்றின் பூட்டை உடைத்து, பட்டையும் ஜரிகையையும் திருடும் எண்ணத்தோடு ஒருவன் 6 மணிக்கு நுழைகிறான் என்று கொள்வோம். ஜூன் மாதமானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 331(3) பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறை. டிசம்பரானால் 331(4) பிரிவின்படி 14 ஆண்டு வரை. வீடும் பூட்டும் எண்ணமும் அவையேதான். பஞ்சாங்கம் மட்டும் வேறு.

இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் 441 முதல் 462 வரையான பிரிவுகளில் கட்டிய படிவரிசை, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த சன்ஹிதாவின் 329 – 334 பிரிவுகளுக்குள் மடிக்கப்பட்டிருக்கிறது. பிறர் இடத்தில் தீய நோக்கோடு நுழைந்தால் 3 மாதம், அந்த இடம் வீடானால் ஓராண்டு. ஒளிந்தோ உடைத்தோ நுழைந்தால் 2 ஆண்டு, அதையே சூரியன் மறைந்தபின் செய்தால் 3. தாக்குவதற்கு ஆயத்தமாக வந்தால் 7. இவையெல்லாம் உச்சவரம்புகள். முதல் இரு படிகளின் அபராத உச்சவரம்பு 500, 1,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. படிகளின் உயரம் பெரும்பாலும் மாறவில்லை. ‘இரவில்’ என்றிருந்த இடங்களில் ‘சூரியன் மறைந்தபின், உதிக்குமுன்’ என்று விரித்து எழுதியதைச் சீர்திருத்தம் என்று ஏற்க எனக்கு மனமில்லை.

இந்த இரவுக் கணக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே வீடு உடைத்தல் ஒரு காலத்தில் இரவுக் குற்றம். அதற்குத் தூக்குத் தண்டனையும் இருந்தது. 1916ஆம் ஆண்டுச் சட்டம் இரவு என்பதை 9 மணி முதல் காலை 6 மணி வரை என்று வரையறுத்தது. 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் அந்த வேறுபாட்டையே கைவிட்டது. காலனியச் சட்டத்தைக் களைவதாகச் சொல்லி வந்த நம் புதிய சட்டமோ, அது பிறந்த நாடே அதைக் கைவிட்டு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் வைத்துக்கொண்டிருக்கிறது.

விளக்கில்லாத தெரு, உறங்கும் குடும்பம், கூப்பிட்டால் வர ஆளில்லாத நேரம் என்பவை இரவுக்குச் சொல்லப்படும் நியாயங்கள். பகலில் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் வீடுகளுக்கு அவை ஓரளவு பொருந்தும். காஞ்சிபுரத்துக் கைத்தறி வீட்டின் வாழ்க்கை வேறு. அங்கே முன்கூடத்திலோ பின்கட்டிலோ குழித்தறி இருக்கும். கணவன் நெய்ய, மனைவி ஊடைக்கு நூல் சுற்றுவாள். சொசைட்டியோ முதலாளியோ கொடுத்த பட்டும் ஜரிகையும் அதே கூரையின் கீழ் இருக்கும். வருவோர் போவோருக்காகக் கதவு பகல் முழுவதும் திறந்தே கிடக்கும். குடும்பம் முழுதும் உள்ளே இருப்பதும், பொருள் வெளியே பரந்து கிடப்பதும் பகலில்தான். ஆளில்லா வீட்டை இரவில் உடைப்பவனைவிட, ஆளிருக்கும் வீட்டில் பகலில் புகுபவன் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே தண்டனையைக் கூட்டும் அளவுகோல், உள்ளே மனிதர் இருந்தார்களா என்பதாக இருக்க வேண்டும். பொழுது என்ன என்பதாக அல்ல.

தாக்க ஆயத்தமாக வருபவனுக்கான 333ஆம் பிரிவு பகலிரவு பார்ப்பதில்லை, அதுவே போதும் என்று மறுக்கலாம். ஆனால் ஆயத்தத்தை மெய்ப்பிப்பது அரசுத் தரப்பின் சுமை. நோக்கத்தை மெய்ப்பிப்பதும் எளிதல்ல: தொந்தரவு நேரும் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அதுவே நுழைந்ததன் இலக்காக இருக்க வேண்டும் என்று மாத்ரி வழக்கில் (1964) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொரு மறுப்பு கனமானது. சூரியன் மறைந்தபின் வீடு உடைப்பவனைக் கொல்லும் அளவுக்கும் தற்காப்புரிமை நீளலாம் என்கிறது 41ஆம் பிரிவு. அந்த உரிமையைப் பகலுக்கும் அப்படியே நீட்டினால், பாவு விஷயமாகச் சச்சரவு செய்ய வந்த முதலாளியின் ஆள்கூடப் பிணமாகலாம். தண்டனையில் பொழுதை நீக்கலாம், தற்காப்பில் தொடக்கூடாது.

கோயில் நகரமான காஞ்சிக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. வீடு புகுதலுக்குச் சட்டம் தரும் வரையறையில் குடியிருக்கும் கட்டடமும் வழிபாட்டிடமும் பொருள் காக்கும் இடமும் ஒன்றே. சிலைத் திருட்டைக் கருதி, தமிழ்நாடு 1993ஆம் ஆண்டின் 28ஆவது சட்டத்தால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 380, 454, 457 பிரிவுகளைத் திருத்தியது. சிலை திருடக் கோயிலை உடைத்தால் குறைந்தது 3 ஆண்டு என்றாயிற்று. பழைய சட்டம் நீங்கியபோது அந்தக் குறைந்தபட்சமும் போயிற்று. புதிய 305ஆம் பிரிவு சிலைத் திருட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், 7 ஆண்டு உச்சவரம்போடு நின்றுவிடுகிறது.

குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் மறுபடியும் திருத்தலாம். அப்போது பழைய வாசகத்தை அப்படியே நகலெடுக்கக் கூடாது. 1993இல் 380ஆம் பிரிவில் சேர்த்த உட்பிரிவு சிலைத் திருட்டுக்குக் குறைந்தபட்சம் 2 ஆண்டு வைத்த கையோடு, உச்சவரம்பை 3 ஆண்டாக்கியது. வீட்டுக்குள் ஒரு பித்தளைச் சொம்பைத் திருடியவனுக்கோ அதே பிரிவில் 7 ஆண்டு வரை இடமிருந்தது.