தரங்கம்பாடி

தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்தில் வங்கக் கடலோரம் உள்ள சிற்றூர். தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620-இல் செய்த உடன்படிக்கையால் டேனியர் இங்கே கால் ஊன்றி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1706-இல் வந்த சீகன்பால்கு அச்சகம் நிறுவி, 1714–15-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1845-இல் டேனியர் இதையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். பிறகு ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, வணிகமும் அங்கே போனது. இவ்வளவும் ஆவணத்தில் தெளிவாக இருக்க, ஊர்ப் பெயரின் மூலம் மட்டும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

‘அலைகள் பாடும் ஊர்’ என்பது சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் விளக்கம். தரங்கம் என்றால் அலைதான். ஆனால் பாடி என்பதற்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆய்ப்பாடி, காட்பாடி, வாணியம்பாடி எல்லாவற்றிலும் அது குடியிருப்பு என்ற பொருளில்தான் வருகிறது. எனவே மிஞ்சிப் போனால் ‘அலையூர்’ என்றே கொள்ள முடியும். அதற்கும் முட்டுக்கட்டையாக நிற்கிறது கடற்கரையில் உள்ள மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், ஏறத்தாழ 1305-இல், பொறிக்கப்பட்ட அது இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் இரு பெயரால் குறிக்கிறது. இரண்டாவது அரசன் பெயரால் இடப்பட்டது; முன்பே புழங்கியது முதற்பெயராகவே இருக்க வேண்டும். வேதத்தின் ஆறு அங்கங்களைக் கற்றவரைச் சடங்கவி என்பார்கள்; சுந்தரருக்குப் பெண் கொடுக்க இருந்தவரும் சடங்கவிதான். அந்த வழியில் வந்த சடங்கன் என்ற ஆளின் பெயரோடு பாடி சேர்ந்திருக்கலாம். மழவர்பாடி மழபாடியானதாகச் சொல்வதும் இப்படி மக்கள் பெயரைக் கொண்டே.

சடங்கன்பாடிதான் தரங்கம்பாடி ஆயிற்றா? ஒலி ஒத்துவரவில்லை என்ற மறுப்பைத் தள்ளிவிட முடியாது. பின்பகுதியில் சிக்கலே இல்லை: பகரத்துக்கு முன் னகரம் மகரமாவது பேச்சில் இயல்பு. டகரம் ரகரமாகக் காதில் விழுவதையும் ஒப்பலாம். முதலெழுத்துச் சகரம் தகரமாவதுதான் தொண்டையில் சிக்குகிறது. ஆனால் இதை வெறும் ஒலித்திரிபாகப் பார்க்க வேண்டியதில்லை. சடங்கன் யாரென்பது மறந்து, ஒலியளவில் பெயர் மட்டும் மிஞ்சிய பிறகு, கடலோரத்தார் காதுக்குப் பொருள் தருகிற பக்கத்துச் சொல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். மறைக்காட்டை வேதாரண்யமாகவும் முதுகுன்றத்தை விருத்தாசலமாகவும் ஆக்கிய வடசொல் மோகமும் கைகொடுத்திருக்கும். அங்கே பொருள் பெயர்க்கப்பட்டது, இங்கே ஓசை பெயர்க்கப்பட்டது என்பதே வேறுபாடு.

கோயிலின் முன்புறத்தையே கடல் அரித்துக்கொண்டு போயிருக்கிறது, ஆகவே அலையால் பெயர் வந்தது பொருத்தம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அலை இல்லாத கடற்கரை ஊர் எது? பக்கத்து ஊரிலிருந்து பிரித்துக் காட்டத்தானே பெயர். தரங்கம்பாடி என்பது முற்றிலும் புதுப்பெயர் என்று வாதிடுவோர், பழைய பெயர் எங்கே போயிற்று என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அரசன் இட்ட குலசேகரன்பட்டினம் வழக்கொழிந்தது. நிலைத்த பெயரில் ‘ங்க’வும் ‘பாடி’யும் கல்வெட்டில் உள்ளபடியே வரிசை மாறாமல் இருக்கின்றன. டேனியர் வாயில் அது ட்ராங்கபார் ஆனபோதும், அந்த ‘ங்க’ உதிரவில்லை.