ஆத்தங்கரையா, மலைக்காடா? - கூடாரம் போட்ட கதை

போன மாசம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. டமேஜரும் லீவு. இத விட்டா நேரம் கிடைக்காதுன்னு நாங்க மூணு குடும்பம் சேர்ந்து சியரா நெவாடா மலைப்பக்கம் ரெண்டு ராத்திரி கேம்பிங் போறதா முடிவு பண்ணினோம். ரெண்டு குடும்பத்துக்கு டென்ட். மூணாவது நண்பர் மட்டும் ஆர்.வி. வாடகைக்கு எடுக்கறதா ஏற்பாடு (கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளயே இருக்குமே, அதேதான்). முன்பதிவு பண்ண உக்காந்தப்பதான் பஞ்சாயத்து ஆரம்பிச்சது. ஆத்தை ஒட்டி இருக்கற இடமா, இல்ல மேல மலைக்காட்டுக்குள்ள இருக்கற இடமா?

ஓட்டெடுப்புல ஆறுதான் ஜெயிச்சது. தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டே தூங்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனா ஊர்லேர்ந்து வந்திருந்த அப்பா, பொதுப்பணித்துறையில ஓவர்சியரா இருந்து ரிட்டையர் ஆனவர், படத்தைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சுத்தி மலைங்கற. நடுவுல மட்டும் எப்படிடா இவ்ளோ சமமா இடம் வந்துச்சு?"

"கவர்மென்ட்ல சமன் பண்ணியிருப்பாங்கப்பா."

"ஆறு பண்ணியிருக்கும்டா" அப்படின்னுட்டு டிவி பாக்கப் போயிட்டார். எனக்குத்தான் அன்னிக்கு தூக்கம் போச்சு. கிளறிப் பார்த்ததுல கிடைச்ச வரலாறுதான் இது.

அமெரிக்காவுல கேம்பிங் எப்படி ஆரம்பிச்சதுன்னு பாக்க யோசெமிட்டி பள்ளத்தாக்கு நல்ல உதாரணம். 1878-ல ஆரன் ஹாரிஸ்னு ஒருத்தர் அங்க பொதுமக்கள் தங்கறதுக்குன்னு ஒரு கேம்ப்கிரவுண்ட் ஆரம்பிச்சார். அப்போ வந்தவங்க குதிரையிலயும் கோச்சு வண்டியிலயும் வந்தவங்க. கார் நுழையறதுக்கு 1907-ல தடை போட்டு, 1913-ல எடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் கூத்து. கார் வச்சிருந்தவன் எல்லாம் புல்வெளி, ஆத்தங்கரை, மரத்தடின்னு எங்க தோணுதோ அங்க வண்டிய நிறுத்தி கூடாரம் அடிச்சான். யாரும் எந்த இடத்தையும் 'தேர்ந்தெடுக்கல'. வண்டி நின்ன இடமே வீடு.

இதனால முதல்ல அடி வாங்கினது மரங்கள். இங்க ஒரு சுவாரசியமான ஆள் வர்றார். பேர் எமிலியோ மைனெக்கி. தொழில் என்னன்னா தாவர நோய் நிபுணர். கலிபோர்னியா பூங்காக்கள்ல பெரிய பெரிய மரங்கள் வாடறதுக்கு காரணம் பூச்சியோ பூஞ்சையோ மட்டும் இல்ல, ஆயிரக்கணக்கான கால்களும் டயர்களும் வேர் மேல இருக்கற மண்ணை இறுக்கிடுதுன்னு 1920-கள் கடைசியில எழுதினார். 1932-ல அவர் சொன்ன தீர்வைத்தான் நாம இன்னிக்கும் பயன்படுத்தறோம். ஒரு வழிப் பாதை வட்டமா போகும். அதுலேர்ந்து சாய்வா ஒரு சின்ன கிளை, கார் நிறுத்த. பக்கத்துல அசைக்க முடியாத மேஜை, அடுப்பு, கூடாரத்துக்கு இடம். கார் தாண்டிப் போகாம இருக்க பாறாங்கல்லும் மரத்துண்டும். மண்ணு பாழாகறது அந்த ஒரு துண்டோட நிக்கும், மிச்ச காடு பொழைச்சுக்கும். நம்ம பாஷையில சொன்னா அருமையான டிசைன் பேட்டர்ன்!

1933-லேர்ந்து 1942 வரைக்கும் ரூஸ்வெல்ட் அரசாங்கத்தோட வேலைவாய்ப்புத் திட்டத்துல சேர்ந்த இளைஞர் பட்டாளம் நாடு முழுக்க இந்த மாதிரி கேம்ப்கிரவுண்டுகளை கட்டித் தள்ளிச்சு. அதே நேரத்துல காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற டிரெய்லர் வீடு பிரபலமாக, மைனெக்கி கடுப்பாகி 1935-ல அதை ஒரு 'அபாயம்'னே எழுதினார். நீள வண்டிக்கு நீளமான இடம், அகலமான வளைவு, சரிவே இல்லாத தரை வேணும். இன்னிக்கு ஆர்.வி.க்கும் இதே கதைதான். மலையில அப்படிப்பட்ட தரை எங்க இருக்கும்? அப்பா சொன்ன இடத்துலதான். வெள்ளம் வண்டல் கொட்டி சமன் பண்ணின பள்ளத்தாக்கு அடியில.

ஒண்ணு கவனிங்க. மைனெக்கியோட கேள்வி, மனுஷன்கிட்டேர்ந்து மரத்தை எப்படிக் காப்பாத்தறது? நல்ல கேள்வி. ஆனா அந்த டிசைன் நம்ம மனசுல இன்னொரு வேலையும் பண்ணிடுச்சு. நம்பர் போட்டு, மேஜை போட்டு, தார் ரோடு போட்டு ஒரு இடத்தைக் காட்டினா, 'யாரோ யோசிச்சுதான் வச்சிருப்பாங்க, பத்திரமான இடம்தான்'னு நாம நம்பிடறோம். எனக்கும் அந்த நம்பிக்கைதான் இருந்தது.

1959 ஆகஸ்ட் 17, மொன்டானா மாநிலம், மேடிசன் ஆத்தங்கரை. யெல்லோஸ்டோனுக்கு மேற்கே ராக் கிரீக்னு ஒரு கேம்ப்கிரவுண்ட். ராத்திரி 11:37-க்கு பூகம்பம், ரிக்டர்ல ஏழுக்கும் மேல. எதிர் மலைச்சரிவு அப்படியே பேந்து, சுமார் 8 கோடி டன் பாறை ஒரு நிமிஷத்துக்குள்ள பள்ளத்தாக்கைக் கடந்து விழுந்துச்சு. அந்த பூகம்பத்துல செத்தது 28 பேர். அதுல 19 பேர் இன்னும் அந்தப் பாறைக்கு அடியிலதான் இருக்காங்க, உடல் கிடைக்கவே இல்ல. ஆறு அடைபட்டு புதுசா ஒரு ஏரியே உருவாச்சு. பேரே பூகம்ப ஏரி. தப்பிச்சவங்க மேட்டுல ஏறி அந்த ராத்திரிய கழிச்சாங்க.

1976 ஜூலை 31, கொலராடோ, பிக் தாம்சன் பள்ளத்தாக்கு. மாநிலம் பிறந்து 100 வருஷம் ஆன கொண்டாட்ட வார இறுதி, எங்க பார்த்தாலும் கூட்டம். சில மணி நேரத்துல சுமார் 30 செ.மீ. மழை. ஆறு சுவர் மாதிரி எழுந்து வந்துச்சு. 140 பேருக்கு மேல பலி. இதுல மனசை உறுத்தின விஷயம், கார்ல ஏறி பள்ளத்தாக்கு ரோட்டுலயே ஓட்டித் தப்பிக்கப் பார்த்தவங்க பலர் மாட்டிக்கிட்டாங்க. வண்டிய விட்டுட்டு மலைச்சரிவுல நடந்து ஏறினவங்க பொழைச்சாங்க. அதுக்கப்புறம்தான் அங்க 'வெள்ளம் வந்தா மேல ஏறு'ங்கற பலகைகள் வந்தது.

1997 ஜனவரி, மறுபடி யோசெமிட்டி. பனி மேல வெதுவெதுப்பான மழை பெய்ஞ்சு மெர்சட் ஆறு பொங்கிடுச்சு. பார்க்கை ரெண்டு மாசத்துக்கு மேல மூடினாங்க. நட்ட நடு குளிர்காலம்ங்கறதால கேம்ப்ல கூட்டம் இல்ல. பள்ளத்தாக்குல இருந்த கேம்ப்சைட்ல ஏறக்குறைய பாதி போச்சு. ஆத்தங்கரையில இருந்த ரெண்டு பெரிய கேம்ப்கிரவுண்டை திருப்பித் திறக்கவே இல்ல. அங்க இடம் கிடைக்கலைன்னு புலம்பறோமே, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

2010 ஜூன் 11, ஆர்கன்சா, ஆல்பர்ட் பைக் கேம்ப்கிரவுண்ட். கோடை விடுமுறை. விடியறதுக்கு முன்னாடி, எல்லாரும் தூக்கத்துல. லிட்டில் மிசௌரி ஆறு சுமார் 3 அடியிலேர்ந்து சில மணி நேரத்துல 23 அடிக்கு ஏறிடுச்சு. கூடாரம், ஆர்.வி. வித்தியாசம் பாக்காம அடிச்சுட்டுப் போச்சு. குழந்தைகளையும் சேர்த்து 20 பேர். செல்போன் சிக்னல் கிடையாது. எச்சரிக்கை வந்தாலும் காதுல விழ வழியில்லாத இடம்.

இத படிச்சதும் நேரா போய் 'மலைக்காடுதான் புக் பண்றேன்'னு எழுந்தேன். நல்லவேளை, கொஞ்சம் பொறுத்தேன். ஏன்னா மேலயும் கதை இருக்கு. அதே 1959 பூகம்பத்துல வேற ஒரு ஏரிக்கரை கேம்ப்ல உருண்டு வந்த ஒரு பாறை, கூடாரத்துல தூங்கின அப்பா அம்மாவைக் கொன்னுடுச்சு. பக்கத்துக் கூடாரத்துல இருந்த பசங்களுக்கு ஒரு கீறல் இல்ல. 2012-லேர்ந்து 2016 வரைக்கும் இருந்த வறட்சியில கலிபோர்னியாவுல 10 கோடிக்கும் மேல மரங்கள் செத்துப்போச்சு. அப்படி பட்டுப்போன மரத்தடியில கூடாரம் போடறது, தலைக்கு மேல உலக்கைய கட்டித் தொங்கவிட்டு படுக்கறதுக்கு சமம். 2020 செப்டம்பர்ல சியரா காட்டுத்தீ ஒரே ரோட்டை மறிச்சப்ப, மாமத் பூல்ங்கற இடத்துல கேம்ப் போட்டிருந்த 200 பேருக்கு மேல ஏரிக்கரைக்கு ஓடினாங்க. ராணுவ ஹெலிகாப்டர் புகைக்கு நடுவுல இறங்கி தூக்கிட்டுப் போச்சு. அங்க காப்பாத்தினது தண்ணி!

அப்போதான் புரிஞ்சது, நாங்க போட்ட சண்டையே தப்பு. ஆறா மலையாங்கறது கேள்வி இல்ல. இந்த இடத்தை இப்படி ஆக்கினது எது? அது திரும்பி வந்தா, ராத்திரி இருட்டுல, குழந்தைய தூக்கிக்கிட்டு, நடந்தே நான் எந்தப் பக்கம் போவேன்? இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தா எந்த இடமும் ஓகே. ஆர்.வி.காரருக்கு இன்னும் ஒண்ணு. வண்டி வீடு மாதிரி இருக்குங்கறதால அதை விட்டு இறங்க மனசு வராது. இறங்கணும்.

கடைசியில ஆத்துலேர்ந்து நல்லா உயரமான ஒரு திட்டுல பக்கத்து பக்கத்துல மூணு இடம் எடுத்தோம். ஆர்.வி. நுழையற அளவுக்கு கிளை நீளம்னு பார்த்துக்கிட்டோம். தண்ணி சத்தம் லேசா கேட்டுச்சு, அது போதும். போய் இறங்கினதும் தலைக்கு மேல பட்ட மரம் இருக்கான்னு அண்ணாந்து பார்த்தேன். தங்கமணி கிண்டல் பண்ணினாங்க, பரவாயில்ல. சாயங்காலம் பசங்களோட ஆத்துக்கு இறங்கினோம். அப்பா ஒரு மரத்தைக் காட்டினார். என் தலைக்கு மேல ஒரு முழ உயரத்துல, கிளையில காஞ்ச சருகும் குச்சியும் சிக்கியிருந்துச்சு. எப்பவோ வந்த தண்ணி விட்டுட்டுப் போனது. நாங்க முதல்ல புக் பண்ண இருந்த இடம் அந்த மரத்துக்கு நேர் கீழ. நம்பர் பலகை, மேஜை எல்லாம் பக்காவா இருந்துச்சு.

அப்பா ஒண்ணும் சொல்லல. நானும்தான். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பசங்க எல்லாரையும் கூப்பிட்டு, டார்ச் அடிச்சு, மேல ஏற வழி எதுன்னு காட்டிட்டுத்தான் படுத்தேன்.

அடுத்த தடவை நீங்க போறப்ப அந்த ரெண்டு நிமிஷ வேலைய மறக்காதீங்க மக்களே. வர்ட்டா..