நாடு கடத்தலும் ஒப்படைத்தலும்

‘நாடு கடத்தல்’ என்று நாம் பொதுவாக வழங்கும் சொல்லில் இரு வேறு செயல்கள் அடங்கியுள்ளன. ஒருவரை அரசு தன் ஆணையாலேயே வெளியேற்றுவது ஒன்று. வேற்று நாடு குற்றம் சாட்டிக் கேட்க, நீதிமன்றம் ஆராய்ந்த பின் அவரை ஒப்படைப்பது மற்றொன்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றில் இரண்டுக்கும் சான்றுண்டு.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், சீனருக்கு நிகரான கூலியும், துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்காமற் செல்லும் உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். மே மாதம் அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார். கிளர்ச்சி பரவிற்று, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். நாதனோ வழக்கு விசாரணையின்றியே இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

போபர்ஸ் பீரங்கி ஊழல் வழக்கில் இந்தியா தேடிய இத்தாலிய வணிகர் ஒட்டாவியோ குவாத்ரோச்சி, 2000-இல் கோலாலம்பூரில் கைதானார். அப்போது இரு நாடுகளுக்கிடையே ஒப்படைப்பு உடன்படிக்கை இல்லை. அது 2010-இலேயே கையெழுத்தாயிற்று. எனினும், மலேசியாவின் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் இந்தியாவின் கோரிக்கையை ஆராய்ந்தது. குற்றம் இன்னதென்று தெளிவுற விளக்கப்படவில்லை எனக் கூறி 2002-இல் மறுத்தது.

“என் குற்றம் யாது?” என்று நீதிபதியின் முன் கேட்கும் வாய்ப்பு வணிகருக்குக் கிட்டியது, தொழிலாளர் தலைவருக்குக் கிட்டவில்லை. ஒப்படைப்புச் சட்டத்தின் உயிர்நிலை அந்த ஒரு கேள்வியே ஆகும்.