சிங்திங்

சிங்திங்: ஒருவரது கைபேசியிலும் கணினிகளிலும் உள்ள கோப்புறைகளை ஒன்றுபோல வைத்திருக்கும் திறமூல மென்பொருள். யாக்கோப் போர்க் என்பவர் தொடங்கியது. முதல் வெளியீடு 2013 டிசம்பர். கோ என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. இப்போதைய உரிமம் மொசில்லா பொது உரிமம் 2.0.

கோப்புகளைச் சேமித்து வைக்கும் நடுச் சேவையகம் இதில் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் நீண்ட அடையாள எண் உண்டு. அதை கியூஆர் குறியாக ஸ்கேன் செய்து, இரு பக்கமும் சம்மதித்தால்தான் இணைப்பு. பரிமாற்றம் டிஎல்எஸ் முறையில் மறையாக்கப்படுகிறது. கோப்பு 128 கேபி முதல் 16 எம்பி வரையிலான துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, மாறிய துண்டுகள் மட்டும் அனுப்பப்படும்.

ஒரே வலையமைப்பில் இருந்தால் இணையமே வேண்டாம். அரக்கோணத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போகிறவர், கைபேசி ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியைச் சேர்த்தால் போதும். நேற்று எடுத்த படங்கள் டேட்டா செலவின்றி இறங்கிவிடும். ஆனால் ஹாட்ஸ்பாட் தரும் கைபேசி வைஃபையில் இணைந்திருக்காது என்பதால், வைஃபை இல்லாதபோதும் ஓட, செயலியின் அமைப்பில் அனுமதித்திருக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

ஒரே கோப்பை இரு கருவிகளிலும் தனித்தனியே திருத்தினால், ஒரு பிரதி 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்ற சொல்லும் தேதியும் பெயரில் சேர்ந்து தனியே நிற்கும். சிங்திங்கைக் காப்பு நகல் என்று நம்பக் கூடாது: ஒரு கருவியில் அழித்தால் மற்றதிலும் அழியும். பழைய பதிப்புகளைக் காக்கும் வசதி உண்டு, நாமே இயக்க வேண்டும்.

அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பர் வெளியீட்டோடு நின்றது. தன்னார்வலர்களின் கிளைப் பதிப்பு அந்த இடத்தில் புழங்குகிறது.