சனத்தொகை வீழ்ச்சியும் அரசாங்கங்களின் அக்கறையும்

இலங்கையில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்து வருகின்றது. 2013ஆம் ஆண்டில் பதிவான பிறப்புகள் 3 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமாகும். 2023ஆம் ஆண்டில் அத்தொகை இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை சுமார் 2 கோடியே 17 இலட்சமாகும். ஆண்டு வளர்ச்சி வீதமோ 0.5 ஆகச் சுருங்கியுள்ளது. ஐம்பது மாணவர்கள்கூட இல்லாத பாடசாலைகள் 1,500இற்கும் அதிகம் என 2025 ஜூலையில் பாராளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இதனால் "பிள்ளைகள் குறைகின்றனர், முதியோர் பெருகுகின்றனர்" என்ற கவலைக் குரல் அரச தரப்பிலிருந்து எழத் தொடங்கியுள்ளது. கவலை நியாயமானதே. ஆனால், சனத்தொகை பற்றி இந்நாட்டின் அரசாங்கங்கள் இதுவரை பேசிவந்த விதத்தை நாம் மறந்துவிட முடியாது.

சுதந்திரத்தின் பின்னரான முதற் தசாப்தங்களில் பேச்சு முழுவதும் பிறப்பைக் குறைப்பது பற்றியதாகவே இருந்தது. 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் ஆரம்பிக்கப்பட்டது. 1958இல் சுவீடனுடன் இதற்கென உடன்படிக்கை செய்யப்பட்டது. 1980இல் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்துகொள்வோருக்கு 500 ரூபா வழங்கப்பட்டது. எனினும், பெண் கல்வியும் காலந்தாழ்த்திய திருமணமும் இலவச சுகாதார சேவையுமே குடும்பத்தின் அளவைப் பெரிதும் சுருக்கின. எல்லாச் சமூகங்களிலும் நிகழ்ந்த மாற்றம் இது.

2009இல் யுத்தம் முடிந்த பின்னர் பேச்சின் தொனி மாறியது. 2011ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் படையினரின் மூன்றாவது குழந்தைக்கு ஒரு இலட்சம் ரூபா வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. படையில் இருப்போர் மிகப் பெரும்பாலும் எச்சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே காலத்தில், தனியார் நிறுவனங்களிலும் கடைகளிலும் பணிபுரிந்த தாய்மாருக்கு மூன்றாவது குழந்தையாயின் 84 நாள் பிரசவ விடுமுறை 42 நாளாகக் குறைக்கப்படும் என்பதே சட்டமாக இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை இந்நிலை நீடித்தது. ஒரு வீட்டின் மூன்றாவது குழந்தைக்குப் பரிசு, இன்னொரு வீட்டின் மூன்றாவது குழந்தைக்குத் தண்டனை! 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில் முதலிய கிராமங்களில் உரிய விளக்கமும் சம்மதமும் இன்றிப் பெண்களுக்குக் கருத்தடை உட்பதியங்கள் செலுத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்ததையும் இங்கு நினைவுகூர வேண்டியுள்ளது.

முஸ்லிம் மக்கள் இந்த எண்ணிக்கை அரசியலுக்குக் கொடுத்த விலை அதிகம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதாகப் பரவிய வதந்தியால் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. உணவில் காணப்பட்டது வெறும் மாக்கட்டியே என அரச பகுப்பாய்வு பின்னர் உறுதிப்படுத்தியது. 2019 மே மாதத்தில் குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி, சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்ற பரபரப்புச் செய்தியின் பின்னணியில் கைது செய்யப்பட்டார். அதற்கு ஆதாரம் இல்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றில் தெரிவித்தது. ஜூலையில் அவர் பிணையில் விடுவிக்கப்பட்டார். 2022இல் தமக்குக் கிடைத்த சம்பள நிலுவையை அவர் மருந்துக் கொள்வனவுக்கே நன்கொடையாக அளித்தார்.

தமிழ் மக்களின் அச்சம் வேறு வகையானது. யுத்தமும் புலப்பெயர்வும் எமது தொகையைக் கரைத்துள்ளன. 2010இல் 9 ஆக இருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற ஆசனங்கள் 2024இல் 6 ஆகக் குறைந்தன. ஆயினும், இதற்கு மருந்தாக "அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று கூறுவது அதே எண்ணிக்கை அரசியலை நாமும் ஏற்பதாகவே முடியும். தமிழ்நாட்டிலும் தொகுதி மறுவரையறை குறித்த அச்சத்தால் 2025இல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இவ்வாறான வேண்டுகோளை விடுத்திருந்தார். அரசியல் உரிமைக்கான போராட்டத்தின் சுமையைத் தாய்மாரின் மடியில் இறக்கிவைப்பது நியாயமாகாது.

எமது அயலையே பார்ப்போம். வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் பிள்ளைகளை இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பிவிட்டுத் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் முதியோர் எத்தனை பேர்? கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில் ஒன்றிரண்டு அறைகளுக்குள் வாழும் இளந்தம்பதியினர் வாடகையையும் பால்மா விலையையும் ரியூசன் கட்டணத்தையும் கணக்கிட்ட பின்னரே இரண்டாவது குழந்தையைப் பற்றி யோசிக்கின்றனர். அக்கணக்கில் இனமோ மதமோ இல்லை.

2022இன் பொருளாதார நெருக்கடியில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகச் சென்றனர். அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாடு செல்ல அதே ஆண்டில் அனுமதியளிக்கப்பட்டது. இளம் பெற்றோரை அந்நியச் செலாவணிக்காக அனுப்பிவைக்கும் அரசு, குழந்தைகள் எங்கே என்று கேட்பது விந்தையானது.

பணத்தை மட்டும் அள்ளி வழங்குவதாலும் பயன் கிட்டாது என்பதற்குத் தென்கொரியா சான்று. பல ஆண்டுகளாகப் பெருந்தொகை செலவிட்டும் ஒரு பெண்ணுக்கான சராசரிப் பிறப்பு 2023இல் அங்கு 0.72 ஆக வீழ்ந்தது. நீண்ட வேலை நேரம், வீட்டு விலை, கல்விப் போட்டி என்பன அங்கு குழந்தை ஆசையை அடக்கிவிட்டன.

எனவே, அரசாங்கத்தின் அக்கறை உண்மையானதாயின் அது செயலில் தெரிய வேண்டும். தனியார் துறையில் பிரசவ விடுமுறைச் சம்பளத்தை முதலாளி மட்டுமே சுமப்பதால் இளம் பெண்களை வேலைக்குச் சேர்க்கவே பலர் தயங்குகின்றனர். அச்செலவைப் பொதுவான சமூகப் பாதுகாப்பு நிதியம் ஒன்று ஏற்க வேண்டும். தந்தையர்க்கும் விடுமுறை சட்டமாக்கப்பட வேண்டும். நம்பத்தக்க பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் வேண்டும். கருத்தடையாயினும் மகப்பேறாயினும் பெண்ணின் சம்மதமே முடிவாக இருக்க வேண்டும்.

யாருடைய குழந்தை கூடுகின்றது, யாருடையது குறைகின்றது என்று கணக்கிட்டே இந்நாடு பல தசாப்தங்களை வீணாக்கிவிட்டது. இனி எந்தச் சமூகத்துக் குழந்தை பிறந்தாலும் அது இந்நாட்டின் குழந்தை என்று ஆட்சியாளர்கள் கருதுவார்களா? சனத்தொகை பற்றிய அவர்களது பேச்சை நாம் மதிப்பிட வேண்டிய அளவுகோல் அதுவே.