டயாலிசிஸ் இரத்தநாள வழிப் பராமரிப்பு

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை டயாலிசிஸ் இயந்திரத்துக்குக் கொண்டுசென்று, சுத்திகரித்துத் திரும்பச் செலுத்த உடலில் அமைக்கப்படுவது இரத்தநாள வழி. அது சுருங்காமலும் அடைபடாமலும் காக்கும் சிகிச்சைகள் பராமரிப்புச் சிகிச்சைகள் எனப்படும். சுருங்கிய இடத்தைப் பலூனால் விரித்தல், உறைந்த இரத்தக் கட்டியை அகற்றுதல், ஸ்டென்ட் பொருத்துதல், சிரையில் செருகிய கதீட்டர் குழாயை மாற்றுதல் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. இவற்றை எங்கே, யார், எவ்வளவு செய்வது என்பதைக் கருவிகள் மட்டுமல்லாமல் வழிகாட்டு நெறிகளும் காப்பீட்டுக் கட்டண விதிகளும் சேர்ந்தே முடிவு செய்துள்ளன. அமெரிக்காவின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்று.

தோற்றம்

1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கியபோது, ஒவ்வொரு முறையும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுத்துத் திறக்க வேண்டியிருந்தது. திறப்பதற்கு இரத்தக்குழாய் மிஞ்சாத நிலையில் சிகிச்சையும் நின்றுபோகும். 1960இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னரும் வெய்ன் குவின்டனும் டெஃப்லான் ஷன்டை உருவாக்கினர். தமனியையும் சிரையையும் தோலுக்கு வெளியே இணைத்த இக்குழாய், நீண்டகால டயாலிசிஸை முதன்முறையாகச் சாத்தியமாக்கியது. ஆனால் அதில் இரத்தம் உறைவதும் கிருமி தொற்றுவதும் வழக்கமாக இருந்தன.

1966இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி முன்னாள் படைவீரர் மருத்துவமனையைச் சேர்ந்த பிரெஸ்சியா, சிமினோ குழுவினர் ஃபிஸ்டுலா முறையை வெளியிட்டனர். மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் தோலுக்கு அடியிலேயே இணைத்தால், தமனியின் அழுத்தத்தில் சிரை பருத்துச் சுவர் தடிக்கும். அதன்பின் திரும்பத் திரும்ப ஊசி குத்தலாம். சிரை போதாதவர்களுக்கு 1970களில் பி.டி.எஃப்.இ. எனும் செயற்கைப் பொருளாலான கிராஃப்ட் என்ற இணைப்புக் குழாய் வந்தது.

அடைப்பும் அறிகுறிகளும்

தமனியின் வேகத்தைத் தாங்கப் பழகாத சிரையின் உட்சுவரில் தசைச் செல்கள் பெருகித் தடிக்கின்றன. கிராஃப்டில் இது பெரும்பாலும் சிரையுடன் சேரும் இடத்தில் நிகழும். பாதை குறுகினால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் இரத்தம் உறையும்.

கைதேர்ந்த செவிலியர் கருவி இல்லாமலே இதைக் கண்டுகொள்வார். நல்ல ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்தால் இடைவிடாத அதிர்வு தெரியும். அதற்கு அப்பால் சுருக்கம் விழுந்தால் அதிர்வு மாறி நாடித்துடிப்புபோல் அடிக்கும். கையை உயர்த்தினாலும் சிரை தளராது. ஊசியை எடுத்தபின் இரத்தம் நிற்க நெடுநேரமாகும்.

அறுவையிலிருந்து பலூனுக்கு

அமெரிக்காவில் 1972இல் இயற்றப்பட்ட சட்டம், மறு ஆண்டு முதல் சிறுநீரகச் செயலிழப்பு நோயாளிகளை மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. டயாலிசிஸ் பெறுவோர் பெருகினர். சில வாரங்களிலேயே ஊசி குத்த முடிவதால் கிராஃப்ட் அங்கே பரவலானது. அடைப்புகளும் அதனுடன் கூடின. அடைபட்டால் அறுவை அரங்கில் குழாயைத் திறந்து, தாமஸ் ஃபோகார்ட்டியின் பலூன் கதீட்டரால் கட்டியை இழுத்தெடுப்பதே அப்போதைய முறை.

1974இல் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் சூரிச்சில் உருவாக்கிய ஆஞ்சியோபிளாஸ்டி பலூன், 1980களில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் பயன்பட்டது. எக்ஸ்ரே திரையில் பலூன் விரியும்போது சுருக்கம் உள்ள இடம் இடுப்புபோல் ஒடுங்கித் தெரியும்; அழுத்தத்தைக் கூட்ட, அது விரிந்து மறையும். இதற்கு மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. டெக்சாஸின் ஜெரால்டு பெதார்டு போன்ற சிறுநீரக மருத்துவர்கள் தாமே இதைச் செய்யத் தொடங்கினர். 2000க்குப் பிறகு இதற்கென்றே புறநோயாளி மையங்கள் பெருகின.

வழிகாட்டுதலும் கட்டணமும்

1997இல் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் வழிகாட்டு நெறிகள், கிராஃப்டைக் குறைத்து ஃபிஸ்டுலாவைக் கூட்டவும், சுருக்கத்தை முன்கூட்டியே கண்டறியவும் வலியுறுத்தின. 2003இல் தொடங்கிய ‘ஃபிஸ்டுலா முதலில்’ இயக்கத்துக்குப் பின், ஏறக்குறைய பத்தாண்டுகளில் ஃபிஸ்டுலா பயன்பாடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து 60 விழுக்காட்டைத் தாண்டியது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. 2008இல் வெளியான 877 பேர் பங்கேற்ற ஆய்வில், புதிய ஃபிஸ்டுலாக்களில் பத்தில் ஆறு உரிய காலத்தில் டயாலிசிஸுக்கு ஏற்ற அளவுக்கு முதிரவில்லை. அவற்றை முதிரச் செய்வதும் பலூனின் வேலையாயிற்று.

2017 வரை மெடிகேர் ஒவ்வொரு படிநிலைக்கும் தனித்தனியே கட்டணம் கொடுத்தது. அவ்வாண்டு அவை ஒரே தொகுப்பாக்கப்பட்டன. மருத்துவர்கள் தம் அலுவலகங்களாக நடத்திய புறநோயாளி மையங்களின் வருவாய் சரிந்தது. பல மையங்கள் மூடப்பட்டன அல்லது புறநோயாளி அறுவை மையங்களாக மாறின.

அண்மைக்காலம்

விரித்த இடம் சில மாதங்களில் மீண்டும் சுருங்குவதே பலூனின் குறை. 2010இல் வெளியான ஆய்வில், கிராஃப்டில் உறையிட்ட ஸ்டென்ட் வைத்த இடங்களில் 51 விழுக்காடும் வெறும் பலூன் செய்த இடங்களில் 23 விழுக்காடும் ஆறு மாதம் கழித்தும் திறந்திருந்தன. 2020இல் வெளியான ஆய்வில், ஃபிஸ்டுலாக்களில் திறந்திருந்த இடங்களின் விழுக்காட்டில் பாக்லிடாக்செல் மருந்து பூசிய பலூன் 82.2க்கு 59.5 எனச் சாதாரணப் பலூனை விஞ்சியது.

தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் 2019 வழிகாட்டு நெறிகள் போக்கைத் திருப்பின. அறிகுறி இல்லாத சுருக்கத்தைப் படத்தில் கண்டவுடனே விரிக்க வேண்டாம் என்றன. எல்லோருக்கும் ஃபிஸ்டுலா என்பதை விட்டு, நோயாளியின் வாழ்நாள் திட்டத்துக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லின. ஆயினும் அமெரிக்காவில் இயந்திர டயாலிசிஸ் தொடங்குவோரில் ஐந்தில் நால்வருக்கும் மேல் இன்றும் கதீட்டருடன்தான் தொடங்குகின்றனர்.